தூதுவன் போய்ச் சேர்வதற்குள் போர் முடிந்துவிடுகிறது

சாம்பல்குதிரை | 4 மார்ச், இரவு 10.12

தூதுவர் வழியாக மட்டுமே கட்டளை போகும் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள் சொல்லுங்கள், இந்த எரிச்சல் எனக்கு மட்டும்தானா? 1815 நெப்போலியன் போர்க்களம், படைத்தலைவர் நான். விளையாட்டின் பெயர் வேண்டாம், இந்த வகையில் வந்த பலவற்றிலும் இதே கூத்துதான். டிவிஷனுக்கு "அந்தப் பண்ணையைப் பிடி" என்று அனுப்பினால் குதிரைக்காரன் கிளம்புகிறான். கொஞ்ச தூரம் போய் ஒரு பாலத்தின் முன்னால் நிற்கிறான். அப்புறம் எதிரியின் முன்வரிசைக்குக் குறுக்கே ஓடிச் சாகிறான். இன்னொருவனை அனுப்பினால் அவன் டிவிஷன் முன்பு நின்ற இடத்துக்குப் போய் சுற்றிச் சுற்றி வருகிறான். ஒருவழியாகக் கட்டளை சேர்ந்து டிவிஷன் நகர்ந்தால் பாதி வழியில் திரும்பி பழைய இடத்துக்கே வருகிறது. கேட்டால் "யதார்த்தம்" என்கிறார்கள். தூதுவர் முறையை அணைத்துவிட்டு ஆடுவதே மேல் என்பது என் கட்சி.

இடதுகோடி | 4 மார்ச், இரவு 10.31

அணைச்சுட்டா எதிரியா ஆடுற கணினிய, அதான் ஏஐ-ய, அரை மணி நேரத்துல முடிச்சிருவீங்க. உங்க படை உங்க விரலுக்கு உடனே ஆடும், அதோட படையும் அதே மாதிரி ஆடும், ஆனா அதுக்கு மூளை கம்மி. தூதுவர் இருக்கிறவரைக்கும்தான் முன்கூட்டியே யோசிக்கிறதுக்கு ஒரு மதிப்பு.

மத்தபடி பாலத்துக்கு முன்னாடி நிக்கிற குதிரைக்காரன நானும் பாத்திருக்கேன். கும்பிட்டுட்டுத்தான் போவான் போல.

பீரங்கிவண்டி | 4 மார்ச், இரவு 11.05

நீங்கள் சொன்னதில் நாலைந்து தனித்தனிக் கோளாறுகள் ஒன்றாகக் கிடக்கின்றன. சில கோளாறே அல்ல. பிரித்துப் பார்க்காமல் ஒட்டுமொத்தமாகத் திட்டினால் எதையும் சரிசெய்ய முடியாது.

முதலில் தாமதம். இதில் மூன்று பகுதி உண்டு: கட்டளை எழுதும் நேரம், குதிரை ஓடும் நேரம், பெற்றவர் படித்துத் தனக்குக் கீழே அனுப்பும் நேரம். ஆடுகிறவர் கண்ணில் படுவது நடுவில் உள்ளது மட்டும். ஆகவே எல்லாப் பழியும் குதிரைக்காரன் தலையில் விழுகிறது.

குதிரை நடையில் மணிக்கு 6 கிமீ, பெருநடையில் 13 கிமீ, பாய்ச்சலில் 25 கிமீக்கு மேல் போகும். நாள் முழுக்கப் பாய முடியாது என்பதால் நல்ல விளையாட்டுகள் 13-ஐ ஒட்டி வைக்கின்றன. படிநிலை மேலிருந்து கோர், டிவிஷன், பிரிகேட், பட்டாலியன். நீங்கள் கோர் தலைவருக்கு எழுதுகிறீர்கள், அவர் 1.2 கிமீ தள்ளி இருக்கிறார் என்று வையுங்கள். எழுத 2 நிமிடம், ஓட்டம் ஐந்தரை. அவர் படித்து டிவிஷனுக்கு எழுத 3 நிமிடம், அடுத்த 500 மீட்டருக்கு இரண்டே கால். கிட்டத்தட்ட 13 நிமிடம் ஆகிவிட்டது, பிரிகேடுக்கு இன்னும் சேதியே தெரியாது. அதற்குப் பிறகுதான் அணிவகுப்பு மாற்றம், நகர்வு எல்லாம். தூதுவன் 6 நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிட்டான், நீங்கள் 20 நிமிடமாக அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதைக் கடிகாரம் வைத்தே பார்த்துவிடலாம். எதிரி இல்லாத தனிப்போர், சமவெளி மேப், ஒரே ஒரு டிவிஷன், 1500 மீட்டர் தள்ளி. கட்டளை கொடுத்த நொடி, தூதுவன் குதிரையை நகர்த்திய நொடி, டிவிஷன் தலைவரைத் தொட்ட நொடி, முதல் பட்டாலியன் அசைந்த நொடி, நான்கையும் விளையாட்டுக் கடிகாரத்தில் குறியுங்கள். வேகத்தை ஒன்றிலேயே வையுங்கள். 4 மடங்கில் ஓட்டினால் சில இன்ஜின்களில் பாதைக் கணக்கு பின்தங்கி தூதுவன் மூலைகளில் தயங்குவான், அளவு கெட்டுப்போகும்.

சாம்பல்குதிரை | 5 மார்ச், காலை 7.20

தாமதத்தைப் பற்றி எனக்குப் பெரிய குறையில்லை. பழைய இடத்துக்கே போகிறானே, அதைச் சொல்லுங்கள். டிவிஷன் அங்கிருந்து கிளம்பி எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும்.

கட்டளைத்தாள் | 5 மார்ச், காலை 8.02

அது தவறு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? உங்களுக்குத் தெரிந்த கடைசி இடத்துக்குத்தான் உங்கள் ஆள் போக முடியும். டிவிஷன் இப்போது எங்கே என்று அவனுக்கு யார் சொன்னது?

வாட்டர்லூவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1815 ஜூன் 18 காலை 10 மணிக்கு நெப்போலியனின் தலைமை அலுவலர் சூல்ட், பிரஷ்யப் படையைத் துரத்தப் போயிருந்த மார்ஷல் குரூஷிக்கு எழுதிய கட்டளை போய்ச் சேர்ந்தது சுமார் மாலை 4 மணிக்கு. களத்திலிருந்து குரூஷி போய்க்கொண்டிருந்த வாவ்ருக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 15 கிமீதான். பெருநடையில் ஒன்றேகால் மணி நேர வேலை. ஆனால் இடையில் உள்ள நாட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, முந்தைய நாள் மழையில் பாதைகள் சேறு, குரூஷி எங்கே என்பதும் நிச்சயமில்லை. குரூஷி முந்தைய நாள் போன வழியைப் பிடித்து ஜெம்ப்ளூ பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. மதியம் 1 மணிக்கு எழுதியதோ 5 மணிக்கு மேல்தான் சேர்ந்தது. உங்கள் தூதுவன் சுற்றிச் சுற்றி வருவதில் வரலாற்றுப் பிழை ஒன்றும் இல்லை.

பீரங்கிவண்டி | 5 மார்ச், காலை 9.15

குரூஷி கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தவர். சாம்பல்குதிரை சொல்வது ஒன்றரை கிலோமீட்டரில், ஒரே மேட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியும் டிவிஷன். அந்த வெறும் புல்வெளியில் 5000 பேர் நகர்வது குதிரை மேல் இருப்பவனுக்குத் தெரியாதா? பார்வைக்குள் இருந்தால் படையைத் துரத்த வேண்டும், பார்வைக்கு வெளியே இருந்தால் கடைசியாகத் தெரிந்த இடத்துக்குப் போய் விசாரிக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே விதி வைப்பதுதான் கோளாறு.

உங்கள் விளையாட்டில் எது என்று கண்டுபிடிக்க, அதே சமவெளிச் சோதனையில் டிவிஷனை நகர விட்டுத் தூதுவனை அனுப்புங்கள்.

இடதுகோடி | 5 மார்ச், காலை 9.40

டிவிஷன நமக்கு எதிர்ப்பக்கமா நேரா விலகிப் போகச் சொல்லி, பின்னாடியே ஆள அனுப்பினா போதுமே?

பீரங்கிவண்டி | 5 மார்ச், காலை 10.26

போதாது. நேராக விலகிப் போனால் இரண்டு முறைக்கும் ஒரே விடைதான் வரும். தூதுவன் 13 கிமீ, காலாட்படை நாலரை கிமீ, ஆரம்ப இடைவெளி 1500 மீட்டர். துரத்தினால் 10.6 நிமிடம். பழைய இடத்துக்குப் போனால் 6.9 நிமிடத்தில் அங்கே இருப்பான், படை அதற்குள் 520 மீட்டர் தள்ளிப் போயிருக்கும், அதைப் பிடிக்க இன்னும் 3.7. கூட்டினால் அதே 10.6.

டிவிஷனைப் பக்கவாட்டில் போக விடுங்கள், தூதுவனின் பாதைக்குச் செங்குத்தாக. அப்போது பழைய இடத்துக்குப் போய்த் தேடுகிறவனுக்கு 10.6 நிமிடம். எப்போதும் படையை நோக்கியே முகத்தைத் திருப்பிக்கொண்டு வளைந்து போகிறவனுக்கு 7.9. எங்கே இருக்கும் என்று முன்கூட்டிக் கணித்து நேர்கோட்டில் போகிறவனுக்கு 7.4. முதலாவதுக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள இடைவெளி கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பெரியது. பின்னிரண்டையும் பிரிக்க நேரத்தை நம்ப வேண்டாம், பாதை வளைகிறதா என்று பாருங்கள்.

பழைய இடம்தான் என்று வந்தால் தப்பும் வழி எளிது. நகரும் படைக்கு நகர்வின் நடுவில் எதுவும் அனுப்பாதீர்கள். முதல் கட்டளையிலேயே நிற்கும் புள்ளிகளைப் பிரித்துக் கொடுங்கள்: முதலில் குறுக்குச்சாலை, அங்கே நின்று காத்திரு. அடுத்த தூதுவனை குறுக்குச்சாலைக்கு அருகில் படை நெருங்கும் நேரம் பார்த்து அனுப்புங்கள். நிற்கும் படையைத் தேட வேண்டியதில்லை.

கட்டளைத்தாள் | 5 மார்ச், மதியம் 12.50

சேற்றில் 13 கிமீ வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோதுமை உயர்ந்து நிற்கும் வயல், நனைந்த களிமண், இடையில் காயம்பட்டவர்களும் வண்டிகளும். வாட்டர்லூ மேப்புக்கு 10 என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றம் குறையும்.

சாம்பல்குதிரை | 5 மார்ச், இரவு 9.48

சமவெளியில் பக்கவாட்டில் ஓட்டிப் பார்த்தேன். பத்தரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆக பழைய இடம்தான், கண்ணெதிரே போகிற டிவிஷனைப் பார்த்தும் பார்க்காதவன் போலத் தாண்டிப் போகிறான்.

சரி, அது தெரிந்துவிட்டது. கட்டளை போய்ச் சேர்ந்தபின் டிவிஷன் பாதியில் திரும்பி வருவது?

நடுவர்2 | 5 மார்ச், இரவு 10.15

செத்தான் என்று நினைத்து இரண்டாவது ஆளை அனுப்பினீர்களே, அதே கட்டளையா, மாற்றி எழுதினீர்களா?

சாம்பல்குதிரை | 5 மார்ச், இரவு 10.22

மாற்றினேன். முதலில் "இருந்த இடத்திலேயே நில்". அதற்கு அனுப்பியவன் காட்டுக்குள் மறைந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து நானே முன்னால் போய் அங்கிருந்து "பண்ணையைப் பிடி".

நடுவர்2 | 5 மார்ச், இரவு 10.41

காட்டுக்குள் போனவன் சாகவில்லை, அதுதான் விஷயம். நீங்கள் பக்கத்தில் போய்விட்டதால் உங்கள் இரண்டாவது ஆள் முதலில் சேர்ந்தான். டிவிஷன் பண்ணையை நோக்கிக் கிளம்பியது. பிறகு காட்டிலிருந்து வெளியே வந்தவன் பழைய தாளைக் கொடுத்தான், அதுவும் வேதவாக்கு. இந்த விளையாட்டுகளில் பெரும்பாலும் கடைசியாகக் கைக்கு வந்த கட்டளைதான் செல்லும், கடைசியாக எழுதியது அல்ல.

கட்டளைத்தாளில் எழுதிய நேரத்தைப் போடுவது அந்தக் காலத்திலேயே இருந்த வழக்கம். 11.20-க்கு எழுதியதை நிறைவேற்றிக்கொண்டிருப்பவனிடம் 11.05-க்கு எழுதிய தாள் வந்தால் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளும் அளவு புத்தி டிவிஷன் ஜெனரலுக்கு இருக்கும். மோட் (விளையாட்டை மாற்றும் கோப்பு) எழுதுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் சிரமமில்லை: கட்டளையோடு ஒரு வரிசை எண், பெறுபவரிடம் கடைசி எண், வந்தது சிறியதாக இருந்தால் ஒதுக்கு.

மோட் போட முடியாதவர்களுக்கு: முதல் ஆள் உயிரோடு இருக்கிறான் என்றே எப்போதும் நினைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் நீங்களே டிவிஷனுக்குப் பக்கத்தில் போய் நின்று, பழைய தாள் வந்து சேரும்வரை காத்திருந்து, அதன் பிறகு புதியதைக் கொடுங்கள்.

இடதுகோடி | 5 மார்ச், இரவு 11.03

நேரா பிரிகேடுக்கே கட்டளை குடுத்தா டிவிஷன் ஜெனரல் கிட்ட வர்ற பழைய தாள் ஒண்ணும் பண்ணாது. நான் அப்படித்தான் பண்றது.

கட்டளைத்தாள் | 6 மார்ச், காலை 7.35

அப்படிச் செய்துதான் பிரெஞ்சுத் தளபதி டெர்லோனின் கோர் வீணாய்ப் போனது. 1815 ஜூன் 16. சுமார் 20,000 பேர். மார்ஷல் நே கீழ் இருந்த கோர், நே போரிட்ட கத்ர் பிரா நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நே மூலம் வராமல் நேரடியாக வந்த கட்டளையின்பேரில் நெப்போலியன் போரிட்ட லிக்னி பக்கம் திரும்பியது. சேதி தெரிந்த நே கோபத்தில் திரும்ப அழைத்தார். மறுபடி திரும்பி நடந்தார்கள். இரண்டு போரும் முடிந்தன, இரண்டிலும் அந்தக் கோரால் பயனில்லை. பாதியில் திரும்பும் டிவிஷன் என்று சாம்பல்குதிரை திட்டுகிறாரே, அதன் அசல் இதுதான்.

படிநிலையைத் தாண்டினால் தாண்டப்பட்டவருக்கும் அதே நேரத்தில் ஒரு தாள் அனுப்ப வேண்டும்.

பீரங்கிவண்டி | 6 மார்ச், காலை 8.50

இடதுகோடி சொன்னது எல்லா விளையாட்டிலும் வேலை செய்யாது. சிலவற்றில் பிரிகேடுக்கு நேரடிக் கட்டளை கொடுத்தால் அது டிவிஷன் ஏஐ-யின் பிடியிலிருந்து கழன்றுவிடும், நீங்கள் விடுவிக்கும்வரை கழன்றபடியே நிற்கும். டிவிஷன் பின்வாங்கும்போது அந்தப் பிரிகேட் மட்டும் தனியே நின்று அடிவாங்கும். சிலவற்றில் டிவிஷன் ஏஐ ஒன்றிரண்டு நிமிடத்தில் மறுபடி இழுத்துக்கொள்ளும். ஒரு பிரிகேடைப் பிரித்து 300 மீட்டர் முன்னால் நிறுத்திவிட்டு, டிவிஷனுக்குப் பின்வாங்கும் கட்டளை அனுப்பிப் பாருங்கள். உங்களுடையது எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

சாம்பல்குதிரை | 6 மார்ச், இரவு 9.10

நேரம் போட்ட தாள் விஷயம் புரிகிறது. ஆனால் நான் அதே கட்டளையை அப்படியே மூன்று பேரிடம் கொடுத்து அனுப்பினாலும் குழப்பம் வருகிறதே? நெப்போலியன் காலத்தில் முக்கியமான கட்டளையைப் பல பிரதி எடுத்து வெவ்வேறு ஆளிடம் அனுப்புவார்கள் என்று படித்தேன்.

நடுவர்2 | 6 மார்ச், இரவு 9.37

அனுப்புவார்கள், நெப்போலியனுக்கு நீண்ட காலம் தலைமை அலுவலராக இருந்த பெர்த்தியே அதில் கெட்டிக்காரர். ஆனால் பெற்றவருக்கு "இது நான் ஏற்கெனவே பார்த்தது" என்று தெரியும். ஏஐ-க்குத் தெரியாது. முதல் பிரதி வந்ததும் பிரிகேட் நெடுவரிசையில் நடந்து, பண்ணைக்கு 200 மீட்டர் முன்னால் கோடாக விரிகிறது. சுடும் நேரம். அப்போது இரண்டாம் பிரதி வருகிறது: "பண்ணைக்கு நட". ஏஐ கட்டளையை முதலிலிருந்து ஆரம்பிக்கிறது, நட என்றால் நெடுவரிசை, ஆக விரிந்த கோட்டைக் கலைத்து எதிரியின் துப்பாக்கி முன்னால் மறுபடி நெடுவரிசை கட்டுகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் பிரிகேட் உடைந்துவிடும். மூன்றாம் பிரதிக்கு வேலையே இல்லை.

பிரதி அனுப்பியே ஆக வேண்டும் என்றால் நிற்கச் சொல்லும் கட்டளைக்கும் காவல் காக்கும் கட்டளைக்கும் மட்டும் அனுப்புங்கள். அவை மறுபடி ஆரம்பித்தாலும் கெடுதல் இல்லை. தாக்குதல் கட்டளைக்கு ஒரே ஆள், பாதுகாப்பான வழி.

இடதுகோடி | 6 மார்ச், இரவு 9.55

பாதுகாப்பான வழின்னு ஒண்ணு இருந்தா அவன் ஏன் எதிரி வரிசைக்குக் குறுக்க ஓடறான்?

பீரங்கிவண்டி | 6 மார்ச், இரவு 10.48

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பாதை தேடும் கணக்கு, ஏ-ஸ்டாரோ அதன் தம்பியோ, மேப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு செலவு வைக்கும். சாலை 1 என்றால் புல் 1.3, காடு 3, இப்படி. மொத்தச் செலவு குறைந்த வழிதான் பாதை. எதிரி என்பது அந்தக் கணக்கில் பல விளையாட்டுகளில் கிடையவே கிடையாது. ஆகவே உங்கள் கோடு வில்லாக வளைந்திருந்து, எதிரி நடுவில் உள்ளே நெருங்கியிருந்தால், ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் குறுக்குவழி எதிரியின் நெற்றிக்கு முன்னால் போகும். அந்தக் காலத் துப்பாக்கி 100 மீட்டருக்கு மேல் ஒற்றை ஆளைக் குறிவைத்து அடிப்பது அபூர்வம், ஆனால் பட்டாலியன் முழுக்கச் சுட்டால் ஏதாவது ஒன்று படும்.

மோட் செய்பவர்கள் உடனே நினைப்பது: எதிரியைச் சுற்றி 250 மீட்டருக்குச் செலவைக் கூட்டு, தூதுவன் தானாகச் சுற்றிப் போவான். சரிதான். ஆனால் எந்த எதிரி? எல்லா எதிரியும் என்று வைத்தால் காட்டுக்குள் நீங்கள் இன்னும் பார்க்காத எதிரியையும் சுற்றி வளைந்து போவான். அப்போது தூதுவன் வளைவதைப் பார்த்தே காட்டில் ஆள் இருப்பது தெரிந்துவிடும். வெறும் தாளோடு ஒருவனை ஒவ்வொரு காட்டுக்கும் அனுப்பி வேவு பார்க்கலாம். ஒற்றர் படையே வேண்டாம். ஆக உங்கள் பக்கம் கண்ட எதிரிக்கு மட்டும் செலவைக் கூட்ட வேண்டும், அதையும் கண்டு 10 நிமிடம் ஆனால் மெல்லக் குறைக்க வேண்டும்.

மோட் இல்லாமல்: கட்டளையை நேரே முனைக்கு அனுப்பாதீர்கள். கோட்டுக்குப் பின்னால் நிற்கும் சேமப்படையின் தலைவரிடம் உங்கள் தலைமையிடத்தை வையுங்கள், அங்கிருந்து இரு முனைக்கும் கோட்டின் பின்புறமாகவே வழி அமையும்படி. முன்வரிசையிலிருந்து 600 முதல் 800 மீட்டர் பின்னால், சாலை சந்திப்பை ஒட்டி இருந்தால் நல்லது. மேட்டின் உச்சி கண்ணுக்கு அழகு, ஆனால் அதன் இருபுறமும் சரிவு செங்குத்தாக இருந்தால் பாதைக் கணக்கு தூதுவனை முன்பக்கமாக இறக்கிவிடும்.

சாம்பல்குதிரை | 6 மார்ச், இரவு 11.20

இது புதுசு. நான் எப்போதும் மேட்டு உச்சியில்தான்.

நடுவர்2 | 7 மார்ச், காலை 6.58

இன்னொரு ஓட்டை. தூதுவன் செத்ததும் திரையில் ஓர் அறிவிப்பு வருகிறதே, அந்தச் சேதியை யார் கொண்டுவந்தது?

இடதுகோடி | 7 மார்ச், காலை 7.11

குதிரை.

நடுவர்2 | 7 மார்ச், காலை 7.30

பலர் கூடி ஆடும் ஆட்டத்தில் நாங்கள் அந்த அறிவிப்பை அணைத்துவிடுவோம், மினிமேப்பில் தூதுவர் புள்ளியையும் மறைத்துவிடுவோம். அப்போதுதான் பெற்றுக்கொண்டேன் என்ற பதில் தாளுக்கு மதிப்பு வருகிறது. போய்ச்சேரும் நேரத்தின் இரு மடங்கோடு 5 நிமிடம் கூட்டுங்கள், அதற்குள் பதில் வராவிட்டால் சேரவில்லை என்று கொள்ளுங்கள்.

பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸின் 1824 போர் விளையாட்டான கிரீக்ஸ்ஷ்பீல் இதைத்தான் செய்தது. 1:8000 வரைபடம், ஒரு முறை என்பது 2 நிமிடம், சேதிகளை நடுவர் கையில் வைத்திருந்து, குதிரை போய்ச் சேரும் முறை வந்தபின்தான் தருவார். தாள் வழியில் தொலைந்தால் ஆடுபவருக்குச் சொல்லப்படாது. கணினிக்கு இது இன்னும் சுலபம், ஆனாலும் திரையில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை விடுவதில்லை.

கட்டளைத்தாள் | 7 மார்ச், காலை 9.05

தாள் தொலைவதை விட மோசமானது எதிரி கையில் சிக்குவது. 1807 ஜனவரி இறுதியில் மார்ஷல் பெர்னடோட்டுக்கு நெப்போலியன் அனுப்பிய கட்டளை ரஷ்யக் குதிரைப்படையான கோசாக்குகளிடம் மாட்டியது. ரஷ்யத் தளபதி பெனிக்சன் பொறியைப் புரிந்துகொண்டு விலகினார், பெர்னடோட்டுக்கோ தான் அழைக்கப்பட்டதே தெரியாது, பிப்ரவரி 8-ல் ஐலாவ் போரில் அவருடைய கோர் இல்லை. ஒரே ஒரு தாள், இரண்டு பக்கமும் வெட்டியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்புத் தளபதி லீயின் 191-ஆம் சிறப்புக் கட்டளை 1862 செப்டம்பர் 13-ல் மூன்று சுருட்டைச் சுற்றியபடி எதிரி கையில் கிடைத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை.

விளையாட்டுகளில் பிடிபட்ட தாளுக்கு மதிப்பு தருபவை குறைவு. தருபவற்றில் முழுத் திட்டத்தையும் ஒரே தாளில் எழுதாதீர்கள், அவரவருக்கு அவரவர் பங்கு மட்டும்.

சாம்பல்குதிரை | 7 மார்ச், இரவு 8.40

எழுதுவது பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. கட்டளை சரியாகச் சேர்ந்தும் தவறான பண்ணைக்குப் போகிறார்கள். மேப்பில் நான் குறித்தது ஒன்று, அவர்கள் போவது ஒன்று.

கட்டளைத்தாள் | 7 மார்ச், இரவு 9.22

எங்கிருந்து பார்த்துக் குறித்தீர்கள் என்பது முக்கியம். கிரிமியப் போரின் பாலக்லாவா, 1854 அக்டோபர் 25. பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ரேக்லன் சப்பூன் மேட்டில் நின்றார், அவருக்குப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. எதிரி பீரங்கிகளை இழுத்துப் போகாமல் தடு என்று எழுதச் சொன்னார், எந்தப் பீரங்கி என்று தாளில் இல்லை. கீழே குதிரைப்படைத் தலைவர் லூக்கனுக்கு அந்தப் பீரங்கிகள் தெரியவே இல்லை, தெரிந்தது பள்ளத்தாக்கின் கடைசியில் இருந்தவை. தாளைக் கொண்டுவந்த நோலன் கையை வீசிக் காட்டினார், தாக்குதல் தொடங்கியவுடனே அவரும் இறந்தார். ஏறத்தாழ 670 குதிரை வீரர்கள் தவறான பீரங்கிகளை நோக்கிப் போனார்கள்.

விளையாட்டில் இதற்கு இணை: "எதிரியைத் தாக்கு" என்று படையைக் குறித்து அனுப்புவது. பெறுபவர் கண்ணில் அந்தப் படை இல்லை என்றால் ஏஐ தன் கண்ணில் பட்ட, அருகிலிருக்கும் எதிரியை எடுத்துக்கொள்கிறது. நிலத்தைக் குறியுங்கள், படையைக் குறிக்காதீர்கள். பண்ணை, குறுக்குச்சாலை, மேட்டுச்சரிவு எதுவும் இடம் மாறாது.

பீரங்கிவண்டி | 7 மார்ச், இரவு 10.05

நிலத்தைக் குறிக்கும்போதும் ஒரு சிக்கல். பண்ணைக் கட்டடத்தின் மீதே கிளிக் செய்தால் சில மேப்புகளில் அது நுழைய முடியாத கட்டம். அருகிலுள்ள நுழையக்கூடிய கட்டத்தை இன்ஜின் தானே தேர்ந்தெடுக்கும், அது எதிரிப் பக்கத்துச் சுவராகவும் இருக்கலாம், சுவரே இல்லாத அடுத்த பண்ணையாகவும் இருக்கலாம். கட்டடத்துக்கு 80 மீட்டர் முன்னால், உங்கள் பக்கத்தில் குறியுங்கள், முகம் எந்தத் திசை என்பதையும் சேர்த்து.

கட்டளைத்தாள் | 8 மார்ச், காலை 7.50

நல்ல கட்டளை எப்படி இருக்கும் என்பதற்கு வாட்டர்லூவில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் ஊகுமோன் பண்ணையில் இருந்த தன் படைக்கு எழுதிய தாளைப் பார்க்கலாம், இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. வைக்கோல் போரிலிருந்து கூரைக்குத் தீ பரவிவிட்டதைப் பார்க்கிறேன், தீ எட்டாத பகுதிகளில் ஆட்களை வைத்திரு, கூரையும் தளமும் இடிந்து விழும்போது ஆள் இழக்காதபடி பார்த்துக்கொள், விழுந்த பிறகு தோட்டத்துக்குள்ளே இருக்கும் பாழ்சுவர்களைப் பிடித்துக்கொள், அதுவும் எதிரி தணலைத் தாண்டி உள்ளே வரக்கூடும் என்றால் கட்டாயம். இதுதான் சாரம். தாள் சேரும்போது கூரை எரிந்துகொண்டிருந்தாலும் சரி, விழுந்துவிட்டிருந்தாலும் சரி, கட்டளை பழசாகாது.

மாறாக கெட்டிஸ்பர்க் முதல் நாள், 1863 ஜூலை 1, லீ தன் கோர் தலைவர் யூவெல்லுக்குக் கல்லறை மேட்டை முடிந்தால் பிடி என்று சொல்லியனுப்பினார். முடிந்தால் என்பதை யூவெல் முடியாது என்று முடிவுசெய்துகொண்டார். நிபந்தனை நிலத்தைப் பற்றி இருந்தால் உதவும், பெறுபவரின் மனதைப் பற்றி இருந்தால் அவர் மனதுதான் ஜெயிக்கும்.

இடதுகோடி | 8 மார்ச், காலை 8.15

நம்ம விளையாட்டுல அந்த நிபந்தனை எல்லாம் எழுத முடியாதே. பட்டியல்ல இருக்கிற வாக்கியத்ததான் பொறுக்கி எடுக்கணும்.

நடுவர்2 | 8 மார்ச், காலை 8.44

பட்டியலில் இருப்பதையே கூட்டலாம். "காவல் கா" என்ற கட்டளையோடு போக்குத் தன்மையை "பின்வாங்காதே" என்பதிலிருந்து "நெருக்கினால் பின்வாங்கு" என்று மாற்றி, பின்வாங்கும் இடத்தையும் குறித்தால் அது நிபந்தனைக் கட்டளைதான். போருக்கு முன் இடைநிறுத்தத்தில் எல்லா டிவிஷனுக்கும் இதைச் செய்து வைத்தால் நடுவில் தூதுவரே அதிகம் தேவைப்படாது. தாமதம் 13 நிமிடம் என்றால், 13 நிமிடத்துக்குள் மாறக்கூடிய எதையும் தூதுவர் மூலம் சொல்லாதீர்கள். அதை டிவிஷன் தலைவரின் தன்மையிடம் விட்டுவிடுங்கள்.

அவருடைய தன்மை என்றதும்: முரட்டுத் தலைவருக்குக் காவல் கட்டளையும் மெத்தனமானவருக்குத் தாக்குதலும் கொடுப்பதில்தான் பாதி புகார் வருகிறது. போருக்கு முன் அதிகாரிகளின் மதிப்பெண்ணைப் பாருங்கள். முரடனை சேமப்படையில் வைத்தால் அழைக்காமலே வந்துவிடுவான்.

சாம்பல்குதிரை | 9 மார்ச், இரவு 10.30

தலைமையிடத்தைப் பின்னால் சாலை சந்திப்புக்கு மாற்றினேன், நிற்கும் புள்ளி வைத்து அனுப்பினேன், அதே கட்டளையை இரண்டு முறை அனுப்புவதை விட்டேன். தூதுவர் சாவு ஏறக்குறைய நின்றே போனது. டிவிஷன் திரும்பி வருவதும் இல்லை. பாலம் மட்டும் அப்படியே. பாலத்தில் பிரிகேட் நெடுவரிசை போய்க்கொண்டிருந்தால் தூதுவன் அக்கரைக்குப் போகாமல் இக்கரையில் நிற்கிறான்.

பீரங்கிவண்டி | 9 மார்ச், இரவு 11.14

தூதுவனுக்கும் மோதல் வட்டம் (இன்னொருவர் நுழைய முடியாத இடம்) இருக்கிறது, பாலத்தின் அகலம் நெடுவரிசையின் அகலத்துக்குச் சரியாக இருக்கிறது. அவனுக்கு இடமே இல்லை. நிஜத்தில் வீரர்கள் ஓரம் ஒதுங்கி வழிவிடுவார்கள், இங்கே யாரும் ஒதுங்கமாட்டார்கள். 2500 பேர் கொண்ட பிரிகேட், வரிசைக்கு 4 பேர், வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர் என்றாலே 625 மீட்டர் நீளம், கடைசி ஆள் தாண்ட எட்டு நிமிடத்துக்கு மேல். நடுவில் எந்த இடைவெளியும் இல்லாவிட்டால் அத்தனை நேரமும் அவன் நிற்பான்.

யூனிட் விவரக் கோப்பைத் திறக்க முடிந்தால் தூதுவருக்கு மோதல் ஆரத்தைச் சுழியமாக்குங்கள், முழுவதும் சுழியம் வைத்தால் விளையாட்டு நின்றுவிடுகிறது என்றால் 0.1. திறக்க முடியாவிட்டால் பிரிகேடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பாலத்துக்கு அனுப்பாமல் இடையில் 3 நிமிடம் விடுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் பாலம் கடக்கும் முன்பே அக்கரைக் கட்டளைகளை அனுப்பிவிடுங்கள்.

இடதுகோடி | 9 மார்ச், இரவு 11.20

டிவிஷன் ஜெனரல் தாள் கைக்கு வர்றதுக்குள்ள செத்துட்டா? அவனுக்கு எழுதின தாள் என்ன ஆகும்?

நடுவர்2 | 9 மார்ச், இரவு 11.52

விளையாட்டைப் பொறுத்தது. அடுத்த மூத்த பிரிகேட் தலைவர் பொறுப்பேற்றதும் தூதுவன் அவரைத் தேடிப் போனால் நல்லது. பலவற்றில் தூதுவன் செத்தவர் நின்ற இடம்வரை போய்த் தாளோடு திரும்பி வருகிறான், சிலவற்றில் அங்கேயே காணாமல் போகிறான். சமவெளிச் சோதனையில் எதிரிப் பீரங்கி இரண்டை மட்டும் சேர்த்து, டிவிஷன் தலைவரை அவற்றுக்கு நேரே 300 மீட்டரில் நிறுத்திவிட்டு ஆளை அனுப்பிப் பாருங்கள். திரும்பி வருகிறானா என்று பார்க்க உங்கள் தலைமையிடத்தை மட்டும் நகர்த்தாதீர்கள், நகர்த்தினால் அவன் உங்களையும் பழைய இடத்தில்தான் தேடுவான்.